வெட்டவெளிப் பலகை

வெர்னா காங்கஸுக்கு மூக்கு நுனியில் கோபம். எங்கள் ஊர் டோலன் ஹார்பரில் இது எல்லோருக்கும் தெரியும். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில், தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் போதும், கடைசி வரிசையில் குதித்துக்கொண்டிருந்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அதே பணிமனையில் பக்கத்துப் பேருந்து என்னுடையது. என் பெயர் பெவ். எனக்கும் கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். அவளுடையது வந்தால் மூட்டை முடிச்சோடு வந்து தங்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் அக்டோபரில் பிடிக்கும் மழை மே மாதம்வரை விடாது. நிறுத்திவைத்த காரின் ஜன்னல் ரப்பரில் பாசி முளைக்கும். காயப்போட்ட துணியை யாரும் கண்டதில்லை. இப்படிப்பட்ட ஊரில் சில பேருக்குக் கள்ளிச்செடி வளர்க்க ஆசை வந்தது. வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்து வளர்த்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? இவர்களுக்கு வெளியே வேண்டுமாம். மண்ணில் நிற்க வேண்டுமாம். பைத்தியம் என்று அவர்கள் முகத்துக்கு நேரேயே சொன்னேன். சிரித்தார்கள்.

வெர்னாவின் கணவர் ஆர்னி அந்தப் பைத்தியங்களில் ஒருவர். மர ஆலையில் ரம்பத்துக்குப் பல் தீட்டும் வேலை. வாய்க்குள் ஈ புகுந்தால் அதனிடமே மன்னிப்புக் கேட்கிற மனிதர். ஒரு வருடம் மான் வேட்டைக்கு மலை தாண்டி அந்தப் பக்கம், வறண்ட பக்கம் போனார். மான் கிடைக்கவில்லை. பனிக்கு நடுவே பாறை இடுக்கில் படுத்துக்கிடந்த சப்பாத்திக்கள்ளிதான் கண்ணில் பட்டது. ஒரு மடலை உடைத்துச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். பெரிய முள்ளைக்கூட மன்னிக்கலாம், அந்தக் கள்ளியில் மயிர்போலப் பொடி முள் இருக்கிறதே, அது இரண்டு கையிலும் ஏறிவிட்டது. வெர்னா ஒட்டும் நாடாவை ஒட்டி ஒட்டிப் பிடுங்கினாள். ஒவ்வொரு பிடுங்கலுக்கும் ஒரு வசவு.

"பனியிலேயே நிக்குதும்மா" என்றார் ஆர்னி, பல்லைக் கடித்துக்கொண்டு. "நம்ம ஊரு மழை என்ன பண்ணிடும்?"

என்ன பண்ணிடும் என்று இப்போது எனக்குத் தெரியும். இந்த ஜாதிக் கள்ளிகளைக் குளிர் ஒன்றும் செய்யாது. குளிர் வந்தால் அதுவே தன் உடம்பு நீரை வற்றவைத்து, சுருங்கி, ஊதா நிறமாகித் தரையோடு படுத்துக்கொள்ளும். பார்த்தால் செத்ததுபோல இருக்கும், சாகாது. காலடியில் ஈரம் நின்றால்தான் சாகும். படுத்துத் தூங்குகிறவன் வாயில் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? அதேதான். மலைக்கு அந்தப் பக்கம் பனி காய்ந்த பனி. எங்கள் பக்கம் பெய்வது தண்ணீர்.

ஊரில் கள்ளிக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. நான் முள் சங்கம் என்பேன். தலைவர் லைல் ப்ரூவிட். டயர் கடை வைத்திருந்தவர், நல்ல குரல், கெட்டியான கைகுலுக்கல். சங்கம் கூடுகிற கூடத்தில், காபிப் பாத்திரத்துக்கு மேலே, தேவதாரு மரத்தில் ஒரு பலகை தொங்கும். வெட்டவெளிப் பலகை என்று அதற்குப் பெயர். மேலே கூரையோ கண்ணாடியோ துணியோ எதுவும் இல்லாமல் ஒரு கள்ளியை மூன்று குளிர்காலம் வெளியே உயிரோடு வைத்திருந்தால், அவர் பெயரை மரத்தைச் சுட்டு எழுதும் மின்சாரச் சூட்டுக்கோலால் அந்தப் பலகையில் பொறிப்பார்கள். தலைவர் அதை உரக்கப் படிப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். சாட்சி கிடையாது, சோதனை கிடையாது. வாய்ச்சொல்தான். கள்ளிக்காரன் பொய் சொல்ல மாட்டான் என்பது சங்கத்தின் பெருமை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நவம்பரிலிருந்து மார்ச்வரை சங்கம் கூடாது. செடி தூங்குகிறது, நாமும் தூங்குவோம் என்பார் லைல். ஒருவர் தோட்டத்துக்கு இன்னொருவர் போவதும் அந்த மாதங்களில் மரியாதை இல்லை. ஏப்ரல் கூட்டத்தில் லைல் எழுந்து ஒவ்வொருவரிடமும் கேட்பார்: "குளிர் பூரா எங்க நின்னுது?" கேட்கப்பட்டவர் நெஞ்சை நிமிர்த்தி, "வெட்டவெளியில!" என்பார். கைதட்டல், ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு, காபி.

ஆர்னியும் சொல்வார். "வெட்டவெளியில" என்பார். அப்புறம் குரல் தணிந்துவிடும். "ஆனா போயிடுச்சு."

ஒவ்வொரு மார்ச்சிலும் அவர் மண்டியிட்டு, பழைய சூப் கரண்டியால் அழுகிய கூழைச் சுரண்டி எடுப்பதை என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அடுத்த வீடுதான். மலை தாண்டிப் போய் மறுபடி மடல் கொண்டுவருவார். ஜல்லியைக் கூட்டுவார், மண்ணைக் குறைப்பார், மேட்டை உயர்த்துவார், சரிவை மாற்றுவார். மறுபடி கூழ். அவர் தோட்டத்தில் பிழைத்ததெல்லாம், கோழியும் குஞ்சும் என்று இங்கே சொல்வோமே, ரோஜாப்பூ மாதிரிச் சதைப்பற்றான குட்டிச் செடி, அது ஒன்றுதான். அதை எங்கே போட்டாலும் வளரும். எங்கள் வீட்டுத் தபால் பெட்டியின் மேலேயே ஒன்று வளர்கிறது. அதற்கெல்லாம் பலகையில் இடமில்லை.

ஒரு ஏப்ரலில் லைல் எல்லோர் முன்னாலும் ஆர்னியின் தோளைத் தட்டி, "சில பேருக்குக் கைராசி அமையாது ஆர்னி. ஒங்கிட்ட மண்ணு இருக்கு, ஜல்லி இருக்கு, ஆசை இருக்கு. கைதான் சரியில்ல" என்றார்.

கூடம் சிரித்தது. ஆர்னியும் சிரித்தார். வெர்னாவுக்குத் துணையாகப் போயிருந்த நான் உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தேன். அதை லைல் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும்.

அந்தப் பேச்சை ஆர்னி வீட்டுக்குக் கொண்டுபோனார். வெர்னா வைத்த தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால்கூட, "வேணாம்மா, என் கை சரியில்ல" என்பார். விளையாட்டாகத்தான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்வார். நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நர்ஸ் ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டியை வைத்தாள். "அதை எங்கிட்டேருந்து தள்ளி வைங்க, பாவம் பொழச்சுப் போகட்டும்" என்றார். நர்ஸ் சிரித்தாள். வெர்னா வெளியே தாழ்வாரத்துக்கு வந்து சுவரைக் குத்தினாள்.

அவர் போன பிறகு, கடைசியாக வைத்த கள்ளியில் ஒரே ஒரு மடல் கூழாகாமல் மிச்சமிருந்தது. சங்கத்துக்கு வெர்னா போனதே ஆர்னிக்காகத்தான். செடி என்றால் அவளுக்கு ஆகாது. ஆனால் அந்த மடலைக் கையில் எடுத்து, "நீ மட்டும் செத்துப் பாரு, ஒன்ன..." என்று ஆரம்பித்து அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அவள் முதலில் செய்த காரியம் கூரை போட்டதுதான். யாரையும் கேட்கவில்லை, எதையும் படிக்கவில்லை. "மழையில பசங்க நனைஞ்சா சளி பிடிக்கும். அதுக்குத்தானே நிழற்குடை கட்டுறோம்? இதுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?" என்றாள். அப்போதுதான் நெடுஞ்சாலை ஓரத்துப் பேருந்து நிறுத்தத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதன் மேல்தகட்டை, கண்ணாடி மாதிரி ஒளி போகிற கெட்டித் தகடு அது, கேட்டு வாங்கி வந்து நான்கு கால் நட்டு மாட்டினாள். பக்கமெல்லாம் திறப்பு. காற்று தாராளமாகப் போகும், மழை மட்டும் விழாது. தகட்டின் ஓரத்தில் பிள்ளைகள் சாவியால் கீறிய பெயர்கள்கூட அப்படியே இருந்தன.

முதல் குளிர்காலம் மடல் சுருங்கிப் படுத்தது. வெர்னா தினமும் அதைப் போய்த் திட்டினாள். மார்ச்சில் அது எழுந்தது. அடுத்த குளிர்காலமும் படுத்தது, எழுந்தது, குட்டி மடல்கள் விட்டது. அந்த ஜூன் மாதம் காலையில் என் ஜன்னலைத் தட்டினாள்.

"பெவ், வெளிய வாடி."

"பல்லு தேய்க்கிறேண்டி."

"துப்பிட்டு வா."

மஞ்சள் பூ. மெழுகுத்தாளில் செய்ததுபோல. உள்ளே ஒரு தேனீ குடித்துவிட்டுக் கவிழ்ந்து கிடந்தது. வெர்னா அதை முறைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

"இந்தாளு பாத்திருக்கலாம்ல" என்றாள். "கொஞ்சம் பொறுத்துப் பாத்திருக்கலாம்ல, மடப்பய மனுஷன்."

அன்றைக்கே அவள் மனதில் அந்த எண்ணம் விழுந்துவிட்டது. ஆர்னியின் மடல், ஆர்னி போட்ட மேடு. பலகையில் ஆர்னி பெயர் வர வேண்டும். அந்த மனிதரின் கையைப் பற்றி அந்தக் கூடத்தில் சொன்னதை அந்தக் கூடத்திலேயே திரும்ப வாங்க வேண்டும்.

ஜூன் கூட்டத்துக்குப் பூவைப் படம்பிடித்து எடுத்துக்கொண்டு போனோம். லைல் மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"அழகு, அழகு. மேல என்னம்மா அது, தகடு?"

"கூரை."

"இது பஸ் ஸ்டாப்புல்ல!" என்று அவர் படத்தை உயர்த்திக் காட்டினார். கூடம் அதிர்ந்தது. மார்வின் என்று ஒருவர், பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுகிறவர், "கள்ளி எந்த பஸ்ஸுக்குக் காத்திருக்கு, அரிசோனா பாலைவனத்து பஸ்ஸா?" என்றார். டாட்டி என்கிற முடிதிருத்தும் அம்மாள் சிரிப்பில் காபியைச் சிந்தினாள். அந்த வருடம் முழுக்க வெர்னாவுக்கு அந்தச் சங்கத்தில் பெயர் பஸ் ஸ்டாப்புதான்.

"ஆர்னி பேரைப் பலகையில போடணும்" என்றாள் வெர்னா, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து.

லைல் முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டார். அந்தக் கனிவை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. "விதின்னு ஒண்ணு இருக்கும்மா. கூரைக்குக் கீழ எது வேணாலும் பொழைக்கும், என் மாமியார்கூடப் பொழைக்கும். ஆனா ஆர்னி நல்ல மனுஷன். அதனால ஒரு சலுகை. ரெண்டு குளிர் தாண்டிடுச்சுல்ல? மூணாவதுக்குக் கூரையை எடுத்துடு. வெட்டவெளியில நிக்கட்டும். ஏப்ரல்ல நின்னுதுன்னா, நானே என் கையால பேரு பொறிக்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். தலைவருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று!

காரில் வரும்போது நான் சண்டை போட்டேன். "கழட்டாதடி. அது எதனால பொழச்சுதுன்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அவங்க எல்லாரோடதும் நிக்குதே பெவ். மார்வினோடது நிக்குது. அந்த டாட்டி, தலைமுடி வெட்டுற டாட்டி, அவளோடது நிக்குது! ஜூன் தோட்டக் கண்காட்சியில பாத்தேல்ல, ஒரு கீறல் இல்ல, ஒரு சுருக்கம் இல்ல. அவங்களால முடியுது, ஆர்னியோட செடியால முடியாதா?"

"சரி, ஒரு மடலையாவது ஒடச்சு உள்ள வை. போச்சுன்னா இருக்கும்."

"அது ஏமாத்து" என்றாள் வெர்னா. "வெளியன்னா முழுசா வெளிய."

அக்டோபரில் தகட்டைக் கழற்றிக் கொட்டகையில் சாய்த்து வைத்தாள். அந்த வருடம் மழையும் எங்கள்மேல் ஏதோ பகை இருப்பதுபோலப் பெய்தது. நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் பண்டிகையன்று வான்கோழி அடுப்பில் இருக்க, அவள் குடைபிடித்துக்கொண்டு மேட்டருகே நின்றாள். குடை தனக்கா செடிக்கா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எனக்குத்தான் என்று சொல்லிக் குடையைத் தன் பக்கம் இழுத்திருப்பாள். விதியை அவள் அப்படி மதித்தாள்.

ஜனவரியில் அடித்தண்டு பழுப்பானது. இரண்டு நாளில் மேல்மடல்வரை ஏறிவிட்டது. விரல் வைத்தால் உள்ளே போனது. ஆர்னியின் அதே சூப் கரண்டியை எடுத்து, அதே இடத்தில் மண்டியிட்டு, சுரண்டி, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டாள். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"லைல் வீட்டுக்குப் போகணும்" என்றாள்.

"சண்டைக்கா?"

"இல்லடி. நான் எங்க தப்பு பண்ணேன்னு கேக்கணும்."

அதைக் கேட்டு எனக்கு ஆத்திரம் வந்தது. ஆர்னி பேசுகிற மாதிரியே பேசினாள். வாழ்நாளில் யாரிடமும் தலைகுனியாதவள், மடியில் அந்தக் கூழ் டப்பாவோடு என் காரில் உட்கார்ந்திருந்தாள்.

லைல் வீட்டு மணியை அடித்தோம், பதில் இல்லை. பின்பக்கம் இருப்பார் என்று பக்கவாட்டுக் கதவைத் திறந்து தோட்டத்துக்குள் போனோம். ஊரே ஜூனில் வந்து படம்பிடிக்கிற ஜல்லி மேடு அங்கே இருந்தது. மேட்டில் ஒரு செடி இல்லை. வரிசை வரிசையாக வட்டக் குழிகள். தொட்டி உட்காரும் அளவுக்குக் கச்சிதமான குழிகள். எல்லாவற்றிலும் மழைநீர் நிரம்பி நின்றது.

வெர்னா அந்தக் குழிகளைப் பார்த்தாள். பிறகு கார் கொட்டகையின் ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்த்தோம். மின்விசிறி சுற்ற, ஹீட்டர் ஓட, அடுக்கடுக்காகத் தொட்டிகளில் வெட்டவெளிக் கள்ளிகள் அத்தனையும் குண்டு குண்டாக, ஒரு சுருக்கம் இல்லாமல், சொகுசாக உட்கார்ந்திருந்தன.

அந்தக் கொட்டகையின் கதவு திறந்தது. காபிக் கோப்பையும் வீட்டுச் செருப்புமாக லைல் வந்தான். ஆம், வந்தான். அதுவரை அந்த ஆளுக்குக் கொடுத்த மரியாதையை அந்த ஜல்லியிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

திருட்டு முழி முழித்தான். "வெர்னா... இது வந்து... இந்த வருஷம் மட்டும்..."

"குழி பழசா இருக்கு" என்றாள் வெர்னா. குரல் மிகச் சாதாரணமாக இருந்தது.

"கேளும்மா. ஆரம்பத்துல நானும் வெளியதான் வெச்சேன். எல்லாம் போச்சு. தலைவன் செடியே போச்சுன்னா சங்கம் என்ன ஆகுறது? மத்தவங்களோடது நின்னுது. என்னோடது மட்டும்..." கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தான். "யாருகிட்டயும் சொல்லிடாத. மார்வினுக்குத் தெரிஞ்சா நான் தலை காட்ட முடியாது."

அவள் டப்பாவைத் திறந்தாள். "இது என்னன்னு தெரியுதா?"

லைல் பார்த்தான். தெரிந்தது.

"இதை வெளிய வைக்கச் சொன்னது யாரு?"

தன் செருப்பைப் பார்த்து ஏதோ முனகினான். டயர் கடையில் தெருமுனைவரை கேட்கிற குரல் அது.

அவள் அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் பிடித்திருக்க மாட்டேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டு காருக்கு நடந்தாள். "மார்வின் வீட்டுக்கு வுடு" என்றாள்.

எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. லைல் செய்ததை மார்வினிடம் சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன். மார்வின் கதவைத் திறந்தார். வெர்னா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். குளியல்தொட்டி நிறையக் கள்ளி. மார்வின் குளிப்பதே உடற்பயிற்சிக் கூடத்தில்தானாம், அக்டோபரிலிருந்து.

"லைல்கிட்ட மட்டும் சொல்லிடாத வெர்னா, ஒன் காலைப் பிடிக்கிறேன். எல்லாரும் வெளிய வெக்கிறாங்க, நான் ஒருத்தன்தான் இப்படி..."

டாட்டி வீட்டில் விருந்தாளிக் கட்டிலின் மேல் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் வரிசையாகப் படுக்கவைத்திருந்தாள். போர்வைகூட இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் மட்டும்தான்னு நெனச்சேன். ஒவ்வொரு ஏப்ரலும் செத்துச் செத்துப் பொழைக்கிறேன். மார்வின்கிட்ட சொல்லாதீங்க."

அன்று பொழுது சாய்வதற்குள் பலகையில் பெயர் உள்ள எல்லோருடைய வீட்டுக்கும் போய்விட்டோம். அலமாரியில், நிலவறையில், ஒருவர் வீட்டில் பழைய கேரவனுக்குள். எல்லோரும் அதையே சொன்னார்கள். நான் மட்டும்தான். அவங்ககிட்ட சொல்லிடாத. ஒருத்தன் காதில் இன்னொருத்தன் பூச்சுற்றி, கடைசியில் எல்லோர் காதிலும் பூ. ஒருவராவது ஒரு ஏப்ரலில் எழுந்து, "போயிடுச்சுப்பா" என்று சொல்லியிருந்தால் அத்தனை பேருக்கும் விடுதலை கிடைத்திருக்கும். சொன்னது ஒரே ஒரு மனிதர். அவரைப் பார்த்துத்தான் கைராசி இல்லை என்று சிரித்தார்கள்.

திரும்பி வரும் வழியில் வெர்னாவுக்குக் குரல் வந்தது. காரின் கண்ணாடி நடுங்கியது.

"அவரு ஒருத்தர்தாண்டி வெளிய வெச்சாரு! அத்தனை வருஷமும், அவரு ஒருத்தர்தான்! தப்பு எங்கன்னு தேடித் தேடி, ஜல்லியை மாத்தி, மண்ணை மாத்தி, தன் கையையே திட்டிக்கிட்டு... அவனுங்க தோளைத் தட்டுனானுங்க பெவ்! தோளைத் தட்டுனானுங்க!"

நான் ஓரமாக நிறுத்திவிட்டேன். அவள் கத்தி முடிக்கும்வரை ஓட்ட முடியாது. நானும் சேர்ந்து கத்தினேன். இரண்டு கிழவிகள் மழையில் காருக்குள் கத்துவதைப் பார்த்து ஒரு மர லாரிக்காரன் வேகத்தைக் குறைத்து, உதவி வேண்டுமா என்று சைகை காட்டினான். அவனையும் திட்டி அனுப்பினோம்.

பிப்ரவரியில் அவள் தகட்டைத் திரும்ப மாட்டினாள். கீழே வெறும் ஜல்லி. எதற்கு என்று கேட்டேன். "மொதல்ல ஜல்லி காயட்டும்" என்றாள்.

ஏப்ரல் வந்தது. அவள் கூட்டத்துக்கு வர மாட்டாள் என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் கூடத்தில் பேச்சு நின்றது. ஒவ்வொருவரும் அவளைப் பார்த்து, கண்ணாலேயே கும்பிட்டார்கள். தங்கள் குட்டு மட்டும்தான் அவளுக்குத் தெரியும் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு. வெர்னா முன்வரிசையில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

லைல் எழுந்தான். வழக்கத்தை விட்டால் சந்தேகம் வரும், வழக்கப்படி கேட்டால் அவள் இருக்கிறாள். மார்வின் பக்கம் திரும்பினான். "மார்வின். குளிர் பூரா... எங்க நின்னுது?"

மார்வின் வெர்னாவைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். வாயில் கொழுக்கட்டை அடைத்ததுபோல இருந்தது.

"டாட்டி?"

டாட்டி தரையைப் பார்த்தாள். அடுத்தவர் ஏன் சொல்லவில்லை என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க முகங்கள் மாறின. புரிந்துவிட்டது.

"என்னைக் கேளு" என்றாள் வெர்னா.

லைல் கேட்கவில்லை.

"கேளுய்யா!"

அந்தப் பேருந்துக் குரல். பின்வரிசையில் ஒருவர் தன்னையறியாமல் எழுந்தே நின்றுவிட்டார்.

"குளிர் பூரா எங்க நின்னுது, வெர்னா?" என்றான் லைல், யாருக்கும் கேட்காத குரலில்.

"வெட்டவெளியில. ஆனா போயிடுச்சு."

அவள் எழுந்து போனாள். காபிப் பாத்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கினாள். பலகையைச் சுவரிலிருந்து இறக்கி மேசைமேல் போட்டாள். ஆர்னி மரவேலைக்கு வைத்திருந்த சூட்டுக்கோலைப் பையிலிருந்து எடுத்து அதே மின்துளையில் செருகினாள். அது சூடேறும்வரை பலகையிலிருந்த ஒவ்வொரு பெயரையும் விரல்வைத்துப் படித்தாள், சத்தமாக. பெயர் வரும்போது அந்த ஆள் தலை குனிந்தது. பிறகு எழுத ஆரம்பித்தாள். அவளுக்கு அந்த வேலை பழக்கமில்லை. எழுத்து கோணல்மாணலாக வந்தது. தேவதாரு மரம் கருகும் வாசனை கூடமெல்லாம் நிறைந்தது.

முடித்ததும் லைல் பக்கம் தள்ளினாள். "புதுப் பேரைத் தலைவர் உரக்கப் படிக்கணும். விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

லைல் மூக்குக்கண்ணாடியை மாட்டினான். "ஆர்னி காங்கஸ்" என்று படித்தான். நிறுத்தினான்.

"இன்னும் இருக்கு."

"வெளியே வைத்தார்." அவளைப் பார்த்தான், மறுபடி பலகையைப் பார்த்தான். "எல்லாம் செத்தது."

கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் தட்டினேன். உள்ளங்கை எரிகிறவரை நான் ஒருத்தியே தட்டினேன். கடைசியில் டாட்டி அழுதுகொண்டே சேர்ந்துகொண்டாள். நான் அவளையும் மன்னிக்கவில்லை.

பலகையை வெர்னாவே திரும்ப மாட்டினாள். காபிப் பாத்திரத்தின் கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். இன்றைக்கும் அது அங்கேதான் தொங்குகிறது. இறக்க ஒருவருக்கும் தைரியமில்லை.

காரில் ஏறியதும் அவள் பேசுவாள் என்று சாவியைத் திருப்பாமல் காத்திருந்தேன். கண்ணாடியில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூட்டுக்கோல் பட்டு ஒரு விரல் கொப்புளித்திருந்தது.

"அவரு கையில ஒரு கோளாறும் இல்லடி, பெவ்" என்றாள்.

"இல்லடி" என்றேன்.

"ஒரு கோளாறும் இல்ல."

நான் வண்டியை எடுத்தேன்.